உங்களுக்குத் தெரியுமா? கிட்னி புதுசு, எலும்பு பழசு

◆ மாற்றுச் சிறுநீரகம் பொருத்திய பிறகு வரும் முதல் ஆறு மாதம்தான் முதுகெலும்புக்குப் பொல்லாத காலம். உயிருள்ள கொடையாளரிடமிருந்து சிறுநீரகம் பெற்ற 20 பேரின் முதுகெலும்பை அளந்து பார்த்த ஓர் ஆய்வு 1991-இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் வந்தது. ஆறே மாதத்தில் சராசரியாக 6.8 விழுக்காடு எலும்புத் தாது கரைந்து போயிருந்தது. சிறுநீரகம் வேலை செய்கிறது, கிரியாட்டினின் இறங்கிவிட்டது என்று வீடே நிம்மதிப் பெருமூச்சு விடுகிற அதே மாதங்கள். புதுச் சிறுநீரகம் தங்குவதற்காகக் கொடுக்கும் ஸ்டீராய்டு இதற்குப் பெரிய காரணம். அந்தக் காலத்தில் கொடுத்த அளவு இன்றைக்கு இல்லை; இழப்பும் இன்று அவ்வளவு இல்லை. ஆனால் ஆபத்து எந்த மாதங்களில் கூடுதல் என்ற கணக்கு மாறவில்லை.

◆ இடுப்பெலும்புக்கு வருவோம். டயாலிசிஸ் செய்தபடி சிறுநீரகத்துக்காகக் காத்திருப்போரையும் சிறுநீரகம் கிடைத்தவர்களையும் ஒப்பிட்ட ஓர் அமெரிக்க ஆய்வு 2002-இல் வெளிவந்தது. மாற்று அறுவை முடிந்த தொடக்கக் காலத்தில் இடுப்பெலும்பு முறியும் அபாயம் காத்திருப்போரைவிட 34 விழுக்காடு அதிகம். அது மெல்லக் குறைந்து, ஏறக்குறைய 630 நாள் கழித்துத்தான் இரு தரப்பும் சமமாகின.

இதைப் படித்துவிட்டு மாற்றுச் சிறுநீரகமே வேண்டாம் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. தக்கவருக்குச் சிறுநீரகம் கிடைத்தால் டயாலிசிஸைவிட நீண்ட ஆயுளும் நல்ல வாழ்வும் கிடைக்கின்றன. முதல் இரண்டு ஆண்டு எலும்பின் மேல் ஒரு கண் வைத்திருக்க வேண்டும் என்பதற்காகவே இந்தக் கணக்கைச் சொல்கிறேன்.

◆ சிறுநீரகத்துக்கும் எலும்புக்கும் என்ன உறவு என்று பலர் கேட்கிறார்கள். நம் உடம்பில் உள்ள கால்சியத்தில் 99 விழுக்காடு எலும்பிலும் பல்லிலும் இருக்கிறது. உணவிலிருந்து கால்சியத்தை உறிஞ்ச வைட்டமின் டி வேண்டும். ஆனால் தோலில் வெயில் பட்டு உண்டாகிற வைட்டமின் டி அப்படியே வேலைக்கு ஆகாது. முதலில் கல்லீரலும் அடுத்துச் சிறுநீரகமும் அதை மாற்றிக் கொடுத்தால்தான் அதற்குச் சக்தி வரும். அந்தக் கடைசி வேலை சிறுநீரகத்தில் நடக்கிறது என்பதே 1970-இல்தான் தெரிந்தது. கேம்பிரிட்ஜில் ஃபிரேசரும் கோடிசெக்கும் கண்டுபிடித்தார்கள்.

சிறுநீரகம் பழுதானால் இந்த வைட்டமின் குறைகிறது. வெளியேற வேண்டிய ஃபாஸ்பேட் இரத்தத்தில் தேங்குகிறது. ஆக, சிறுநீரக நோயாளிக்கு எலும்பு நோய் மாற்று அறுவைக்குப் பல ஆண்டு முன்பே தொடங்கிவிடுகிறது. மலேசியாவில் டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள் 50,000 பேரைத் தாண்டிவிட்டார்கள். கொடையாளர் கிடைப்பதோ அரிது. காத்திருக்கும் ஒவ்வோர் ஆண்டும் எலும்பில் பதிவாகிறது.

◆ கழுத்தில், தைராய்டு சுரப்பியின் பின்புறம், அரிசிமணி அளவில் நான்கு சுரப்பிகள் உண்டு. பாராதைராய்டு என்று பெயர். முதன்முதலில் இதைக் கண்டது மனிதரின் கழுத்தில் அல்ல. நம் இந்தியக் காண்டாமிருகத்தின் கழுத்தில்! 1849-இல் இலண்டன் விலங்குக்காட்சிசாலையில் இறந்துபோன காண்டாமிருகத்தை அறுத்துப் பார்த்த ரிச்சர்ட் ஓவன் குறித்து வைத்தார். மனிதருக்கும் அது உண்டு என்று 1880-இல் எழுதியவர் சுவீடனைச் சேர்ந்த ஐவார் சான்ட்ஸ்ட்ரோம்.

இரத்தத்தில் கால்சியம் குறைந்தால் எலும்பிலிருந்து எடுத்துக் கொடுப்பது இந்தச் சுரப்பியின் வேலை. அது கட்டுமீறினால் என்ன ஆகும்? பாஸ்டனில் ஒரு கப்பல் கேப்டனுக்கு ஒரே ஒரு பாராதைராய்டில் கட்டி. எலும்பு கரைந்து கரைந்து அவருடைய உயரம் ஏழு அங்குலம் குறைந்துபோனது. கட்டி எங்கே இருக்கிறது என்று தெரியாமல் ஆறு முறை அறுவை செய்தார்கள். 1932-இல் ஏழாவது முறைதான் நெஞ்சுக்கூட்டுக்குள் ஒளிந்திருந்ததைக் கண்டார்கள். அவருக்கு வந்தது வேறு வகை நோய்தான். என்றாலும் அரிசிமணி அளவுச் சுரப்பிக்கு எவ்வளவு பலம் என்று அறிய அந்த ஒரு கதை போதும்.

◆ டயாலிசிஸ் காலத்தில் ஆண்டுக்கணக்கில் ஓவர்டைம் பார்த்த இந்தச் சுரப்பிகள் பெருத்துவிடுகின்றன. புதுச் சிறுநீரகம் வந்த மறுநாளே அவை அடங்கிவிடுவதில்லை. பலருக்குச் சில மாதங்களில் இறங்கும். சிலருக்கு ஓராண்டு கழிந்தும் இறங்காது. அப்போது இரத்தத்தில் கால்சியம் ஏறிக்கொண்டே போகும். எலும்பிலிருந்துதான் போகிறது.

மாத்திரையால் அடக்கலாம், சினகால்செட் என்று ஒன்று உண்டு. அல்லது அறுவை செய்து சுரப்பிகளை எடுக்கலாம். ஸ்பெயினில் மாற்றுச் சிறுநீரகக்காரர்கள் 30 பேரை இரண்டு அணியாகப் பிரித்துப் பார்த்தார்கள். ஓராண்டு முடிவில் அறுவை செய்துகொண்ட 15 பேருக்கும் கால்சியம் சரியாகியிருந்தது. மாத்திரை எடுத்த 15 பேரில் 10 பேருக்குத்தான் சரியாகியிருந்தது. சிறிய ஆய்வுதான். ஆனாலும் அறுவை என்றதும் ஓடாமல் டாக்டரோடு உட்கார்ந்து பேசுவதற்கு இது ஒரு நல்ல காரணம்.

◆ நான்கு சுரப்பிகளையும் எடுத்துவிட்டு, அதில் ஒரு துண்டை மட்டும் முன்கையின் தசைக்குள் பதித்து வைக்கிற அறுவையும் உண்டு. அது அங்கே உயிர்பிடித்து வேலை செய்யும். பின்னால் மறுபடி பெருத்தாலும் கழுத்தைத் திறக்க வேண்டியதில்லை. கையில் சிறு கீறல் போதும்.

◆ டயாலிசிஸ் காலத்தில் பால் வேண்டாம், கடலை வேண்டாம், நெத்திலி வேண்டாம், கோலா வேண்டவே வேண்டாம் என்று கேட்டுக் கேட்டுச் சலித்தவரிடம், சிறுநீரகம் மாற்றிய சில வாரத்தில், "பால் குடிக்கிறீர்களா? முட்டை சாப்பிடுகிறீர்களா?" என்று கேட்கிறார்கள். நோயாளி குழம்பிப்போகிறார். வீட்டில் சமைப்பவர் இன்னும் குழம்பிப்போகிறார்.

காரணம் இதுதான். சிறுநீரகம் பழுதான காலத்தில் ஃபாஸ்பேட்டை வெளியே தள்ளச் சொல்லி எலும்பு ஒரு ஹார்மோனைச் சுரந்துகொண்டே இருந்தது. எஃப்.ஜி.எஃப். 23 என்பது அதன் பெயர். கேட்க ஆளில்லாத காலத்தில் அது மலைபோல் குவிந்திருந்தது. புதுச் சிறுநீரகம் வந்ததும் அந்த உத்தரவையெல்லாம் ஒரே மூச்சில் நிறைவேற்றுகிறது. பாராதைராய்டும் கூடச் சேர்ந்துகொள்கிறது. தேங்கிக் கிடந்த ஃபாஸ்பேட் இப்போது மளமளவென்று இறங்கிவிடுகிறது. தசை தளர்கிறது, எலும்பு உறுதிப்பட வழியில்லாமல் போகிறது.

இந்தக் கட்டத்தில் பினாங்கு சௌராஸ்டா மார்க்கெட் நெத்திலி மீண்டும் சட்டிக்கு வரலாம். எலும்போடு சாப்பிடுகிற மீன் ஆதலால் கால்சியமும் சேர்ந்தே கிடைக்கும். உப்பு மட்டும் நிறைய. நன்றாக ஊறவைத்து அலசுங்கள். ஆனால் எப்போது தொடங்குவது, எவ்வளவு என்பதை உங்கள் இரத்தப் பரிசோதனைதான் சொல்ல வேண்டும், பக்கத்து வீட்டுக்காரர் அல்ல.

◆ வீட்டில் மிச்சம் கிடக்கும் பழைய மாத்திரைகளைப் பாருங்கள். சாப்பாட்டோடு மென்று விழுங்கிய கால்சியம் கார்பனேட் டயாலிசிஸ் காலத்தில் ஃபாஸ்பேட்டைப் பிடித்து வைப்பதற்காகக் கொடுத்தது. ஃபாஸ்பேட்டே குறைந்துவிட்ட இப்போது பழக்கத்தில் அதையே தொடர்ந்தால் நேர் எதிர் வேலை நடக்கும். கிளினிக்குக்குப் போகும்போது டப்பாவை அப்படியே கொண்டுபோய்க் காட்டுங்கள்.

◆ மலேசியாவின் முதல் சிறுநீரக மாற்று அறுவை 1975 டிசம்பரில் கோலாலம்பூர் பொது மருத்துவமனையில் நடந்தது. தமிழ்நாட்டில் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனை அதற்கு முன்பே, 1971-இல், செய்துகாட்டியிருந்தது. அந்த நாளில் கையில் இருந்தவை ஆசாதையோப்ரினும் பிரெட்னிசோலோனும்தான். பிரெட்னிசோலோனை அள்ளிக் கொடுத்தால்தான் புதுச் சிறுநீரகம் தங்கும். அதற்கு எலும்பு விலை கொடுத்தது.

ஸ்டீராய்டு எலும்பை எப்படிக் கெடுக்கிறது? எலும்பு கல்தூண் அல்ல. பழையதை அரிக்கும் செல்கள் ஒரு பக்கம், புதியதைக் கட்டும் செல்கள் மறுபக்கம் என்று அன்றாடம் வேலை நடக்கிறது. ஸ்டீராய்டு கட்டும் செல்களை முடக்கிவிடுகிறது. அரிக்கும் செல்கள் மட்டும் தொடர்கின்றன. முதுகெலும்பின் உள்ளே இருக்கிற சல்லடை போன்ற எலும்பு முதலில் கரைகிறது.

அதற்காக யாரும் தாமாக ஸ்டீராய்டை நிறுத்தவே கூடாது. சிறுநீரகம் போய்விடும், திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. குறைப்பதா, எவ்வளவு, எப்போது என்பது டாக்டரின் முடிவு. கேட்கிற உரிமை உங்களுக்கு உண்டு.

◆ பினாங்கு நிலநடுக்கோட்டிலிருந்து ஐந்து டிகிரி வடக்கே இருக்கிறது. ஆண்டு முழுக்க வெயில். அப்படியிருந்தும் மலேசியர்களிடம், அதிலும் பெண்களிடம், வைட்டமின் டி குறைபாடு பரவலாக இருப்பதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டுகின்றன. கறுத்த தோலில் வைட்டமின் உண்டாக நேரம் அதிகம் வேண்டும். காரில் ஏறி, மாலில் இறங்கி, ஏர்கோனில் உட்கார்ந்தால் எந்தத் தோலிலும் உண்டாகாது.

மாற்றுச் சிறுநீரகக்காரருக்கு இன்னொரு சங்கடம். எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்துகளால் தோல் புற்றுநோய் அபாயம் கூடுகிறது. ஆகவே வெயிலைத் தவிர்க்கச் சொல்கிறார்கள். வெயிலைத் தவிர்த்தால் வைட்டமின் டி எங்கிருந்து வரும்? மாத்திரையிலிருந்துதான். பிரான்ஸில் மாற்றுச் சிறுநீரகம் பெற்ற 536 பேரிடம் ஒரு சோதனை நடந்தது. அதிக அளவு வைட்டமின் டி இருதய நோயையோ சர்க்கரையையோ புற்றுநோயையோ தடுக்கவில்லை. ஆனால் அதிக அளவு எடுத்த அணியில் எலும்பு முறிந்தவர்கள் குறைவாக இருந்தார்கள். உங்கள் வைட்டமின் டி எவ்வளவு என்று இரத்தப் பரிசோதனைத் தாளில் பார்த்திருக்கிறீர்களா?

◆ எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் என்றால் பயப்பட ஒன்றுமில்லை. ஊசி கிடையாது, குகைபோன்ற குழாய்க்குள் போகவும் வேண்டியதில்லை. மேசையில் மல்லாந்து படுக்கச் சொல்வார்கள். முதுகு சமமாகப் படிய வேண்டும் என்பதற்காக முழங்காலுக்குக் கீழே ஒரு பெரிய பஞ்சுக் கட்டையை வைத்துக் காலைத் தூக்கி வைப்பார்கள். இடுப்புக்கு எடுக்கும்போது பாதத்தை உள்பக்கம் திருப்பிக் கட்டுவார்கள். மேலே ஒரு கை மெல்ல நகர்ந்து போகும். பத்துப் பதினைந்து நிமிடத்தில் முடிந்துவிடும். அறிக்கையில் வரும் டி-ஸ்கோர் என்ற எண் மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே என்றால் எலும்புப்புரை. 1994-இல் உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லை அது.

ஆனால் சிறுநீரக நோயாளியிடம் இந்த ஸ்கேன் ஏமாறுவதும் உண்டு. எலும்பை விட்டுப் போன கால்சியம் பெரிய இரத்தக்குழாயின் சுவரில் படிந்திருக்கும். அந்தக் குழாய் முதுகெலும்புக்கு நேர் முன்னால் ஓடுவதால், இயந்திரம் அதையும் எலும்புக் கணக்கில் சேர்த்துவிடும். முதுகு "நன்றாக இருக்கிறது" என்று அறிக்கை சொன்னாலும் இடுப்பின் எண்ணையும் பாருங்கள்.

◆ 2008-இல் ஜார்ஜ்டவுன் உலகப் பாரம்பரிய நகரமானது. பழைய கடைவீடுகளின் முன்னால் ஓடுகிற ஐந்தடி நடைபாதை, அதாவது காக்கி லீமா, இந்த ஊரின் பெருமை. எலும்பு தளர்ந்தவருக்கோ அது கண்ணிவெடி. லிட்டில் இந்தியாவில் மார்க்கெட் தெருவோரம் நடந்து பாருங்கள். ஒரு கடையின் தரை நாலு அங்குலம் உயரம், அடுத்த கடை இரண்டு அங்குலம் தாழ்வு. நடுவில் ஒரு சாய்வு, அதன் மேல் வழவழப்பான பூப்போட்ட ஓடு. காலையில் கடைக்காரர் தண்ணீர் ஊற்றிக் கழுவிய ஈரம் காயாமல் இருக்கும். மோட்டார் சைக்கிள் குறுக்கே நிற்பதால் ரோட்டில் இறங்கி, திறந்த சாக்கடையைத் தாண்டி, மறுபடி ஏற வேண்டும்.

இந்தப் பாதையை மாற்றுச் சிறுநீரகக்காரர் ஒருவர், ஸ்டீராய்டால் மெலிந்த தொடையோடும், கண்ணில் ஸ்டீராய்டு கொண்டுவந்த புரையோடும் கடக்கிறார். எலும்புக்கு மருந்து கொடுப்பது ஒரு பாதி என்றால், விழாமல் காப்பது மறு பாதி. நல்ல பிடிப்புள்ள செருப்பு போடுங்கள். கண் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். கடைக்காரர்களே, வாசலில் அந்த ஈரத்தைத் துடைத்துவிடுங்கள். பாரம்பரியத்துக்கு அதனால் ஒரு குறையும் வராது.

◆ மாற்று அறுவைக்குப் பின் முறிவது முதுகும் இடுப்பும் மட்டுமல்ல. பாதமும் கணுக்காலும் அடிக்கடி முறிகின்றன, குறிப்பாகச் சர்க்கரை நோயாளிகளுக்கு. 2019-இல் நாடளாவிய ஆய்வு மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்குச் சர்க்கரை என்று கண்டது. டயாலிசிஸுக்கு வருவோரில் பெரும்பாலோருக்கும் அதுதான் மூலகாரணம். நரம்பு மரத்துப்போன பாதத்தில் எலும்பு முறிந்தாலும் வலி தெரியாது. பாதம் வீங்கிச் சூடாக இருந்தால் வலி இல்லை என்று நடந்துகொண்டே இருக்காதீர்கள்.

◆ பினாங்கு தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு 513 படி. தைப்பூசத்தன்று காவடியோடு ஏறுகிறவர்களில் சிறுநீரகம் மாற்றியவர்களும் இருக்கலாம். வேண்டுதல் நிறைவேறிய நன்றியோடு ஏறுகிறார்கள். ஏறட்டும். ஆனால் ஏறும்போது தொடையிடுக்கில் ஒரு வலி வந்து, உட்கார்ந்தால் அடங்கி, மறுபடி காலூன்றினால் வந்தால் அதை "வயசாச்சு" என்று தள்ளிவிடக் கூடாது. சிலருக்கு அதே வலி முழங்காலில் தெரியும். கோளாறு இடுப்பில் இருக்கும்.

ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்குத் தொடையெலும்பின் உருண்டைத் தலைக்கு இரத்த ஓட்டம் நின்று, அந்தத் துண்டு செத்துப்போகிற நோய் வருவதுண்டு. தொடக்கத்தில் எக்ஸ்ரே ஒன்றும் காட்டாது. எம்.ஆர்.ஐ. காட்டிவிடும். உருண்டை நொறுங்குவதற்கு முன் கண்டால் மூட்டைக் காப்பாற்றப் பார்க்கலாம். நொறுங்கிய பிறகு செயற்கை மூட்டுதான். எக்ஸ்ரே சுத்தம் என்று திருப்பி அனுப்பினாலும் வலி நிற்கவில்லையென்றால் மறுபடி போய்க் கேளுங்கள்.

◆ எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் சைக்ளோஸ்போரின் மருந்துக்கு மூலமான பூஞ்சை, நார்வே மலைப்பீடபூமியில் 1969-இல் அள்ளிய ஒரு பிடி மண்ணில் கிடைத்தது. டாக்ரோலிமஸ் ஜப்பானின் சுக்குபா மலையடிவார மண்ணில், 1984-இல். இந்த இரண்டு பிடி மண்ணும் இலட்சக்கணக்கான சிறுநீரகங்களைக் காப்பாற்றியிருக்கின்றன. ஸ்டீராய்டைக் குறைக்க முடிந்ததும் இவற்றால்தான்.

ஆனால் இவற்றுக்கும் ஒரு வலி உண்டு. இரண்டு பாதத்திலும் அல்லது இரண்டு முழங்காலிலும் ஒரே மாதிரி, உள்ளே குடைவது போல வலிக்கும். நடந்தால் கூடும்; படுத்துக் காலை உயர்த்தி வைத்தால் குறையும். பெரும்பாலும் இரத்தத்தில் மருந்தின் அளவு ஏறியிருக்கும். அளவைச் சரிசெய்தால் வலி அடங்கிவிடுகிறது. மூட்டுவாதம் என்று எண்ணி வீணாக அலைபவர்கள் உண்டு.

◆ மருந்தின் அளவு ஏன் ஏறும்? ஒரு காரணம் நம் பழக்கடையிலேயே தொங்குகிறது. சீனப் புத்தாண்டு வந்தால் பினாங்கு முழுக்க லீமாவ் பாலி, நம் வீட்டுப் பம்ளிமாஸ். ஈப்போ தம்புன் பம்ளிமாஸுக்குத் தனி மவுசு. ஜப்பானில் சிறுநீரகம் மாற்றிய ஒருவர் இந்தப் பழத்தைச் சாப்பிட்டதும் டாக்ரோலிமஸ் அளவு ஏறிவிட்டதை 2003-இல் மருத்துவ இதழில் பதிவு செய்தார்கள். கிரேப்ஃப்ரூட் பழத்துக்கும் இதே குணம். இந்த மருந்து எடுப்பவர் இரண்டையும் தொடாமல் இருப்பதுதான் நல்லது. அன்போடு உரித்துக் கொடுக்கும் அண்டை வீட்டு ஆண்ட்டியிடம் காரணத்தைச் சொன்னால் புரிந்துகொள்வார்.

கூடவே ஒன்று: டாக்ரோலிமஸ் அளவு பார்க்க இரத்தம் கொடுக்கும் நாளில் காலை மாத்திரையை இரத்தம் எடுத்த பிறகுதான் போட வேண்டும். மாத்திரையைக் கையிலேயே கொண்டுபோங்கள்.

◆ எலும்பு வலிக்கிறது என்று பார்மசியில் மெஃபெனாமிக் ஆசிட், டைக்ளோஃபினாக் கேட்காதீர்கள். இருக்கிற ஒரே சிறுநீரகத்தை அவை தாக்கும். பனடோல் போதவில்லையென்றால் டாக்டரைப் பார்க்க வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று பொருள்.

◆ "ஒரே நாளில் மூட்டு வலி பறந்துவிடும்" என்று விற்கிற ஜாமுவில் மந்திரம் இல்லை. பல சமயம் டெக்ஸாமெத்தசோன் இருக்கிறது. அதுவும் ஸ்டீராய்டுதான். பாரம்பரிய மருந்து என்ற பெயரில் இதைக் கலந்து விற்ற பொருள்களைப் பற்றி மலேசிய சுகாதார அமைச்சு பல தடவை எச்சரித்திருக்கிறது. ஏற்கெனவே ஸ்டீராய்டு எடுப்பவர் தமக்குத் தெரியாமலே இன்னொரு பங்கை விழுங்குகிறார். பெட்டியில் எம்.ஏ.எல். என்று தொடங்கும் பதிவு எண்ணும் ஹோலோகிராம் ஸ்டிக்கரும் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தாலும், டாக்டரைக் கேட்காமல் எதையும் வாயில் போடாதீர்கள். முறுக்கிப் பிடித்து உருவுகிற உருட் வைத்தியமும் தளர்ந்த எலும்புக்கு வேண்டாம்.

◆ ஒரே ஆய்வுக்கூடத்தில் பிறந்து, ஒரே உடம்பில் சேரக் கூடாத இரண்டு மருந்துகள்: சிறுநீரகத்தைக் காக்கும் ஆசாதையோப்ரின், கௌட் வராமல் காக்கும் அலோபியூரினால். கெர்ட்ரூட் எலியனும் ஜார்ஜ் ஹிட்சிங்ஸும் உருவாக்கியவை; 1988-இல் இருவரும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். அளவை வெகுவாகக் குறைக்காமல் இரண்டையும் சேர்த்தால் எலும்பு மஜ்ஜை முடங்கி இரத்த அணுக்கள் சரிந்துவிடும். கால் பெருவிரல் வீங்கி வேறு கிளினிக்குக்குப் போனால், நீங்கள் எடுக்கும் எல்லா மருந்தின் பெயரையும் முதலில் சொல்லுங்கள்.

◆ எலும்புக்கு வாரம் ஒரு மாத்திரை சாப்பிடும் பக்கத்து வீட்டு அக்காவிடம் இரண்டு வாங்கிப் போட்டுக்கொள்வோமா? வேண்டாம். அலென்ட்ரோனேட் போன்ற மருந்துகள் எலும்பை அரிக்கும் செல்களை அடக்குகின்றன. ஆனால் சிறுநீரக நோயாளிகள் சிலரிடம் எலும்பு ஏற்கெனவே தூங்கிக் கிடக்கும். அரிப்பதும் இல்லை, கட்டுவதும் இல்லை. அந்த எலும்பை மேலும் அடக்கினால் நல்லதல்ல. சிறுநீரகத்தின் வேலைத்திறன் மிகக் குறைவாக இருந்தாலும் இந்த மாத்திரை ஆகாது.

தூங்குகிறதா, விழித்திருக்கிறதா என்று உறுதியாக அறிய எலும்புத் துண்டு எடுத்துப் பார்க்க வேண்டும். அதில் ஓர் அழகான உத்தி இருக்கிறது. டெட்ராசைக்ளின் மாத்திரையைச் சில நாள் கொடுத்து, இடைவெளி விட்டு, மறுபடி கொடுப்பார்கள். எலும்பு புதிதாகக் கட்டப்படும் இடத்தில் அது படியும். இடுப்பின் மேல் விளிம்பிலிருந்து எடுத்த துண்டைப் புற ஊதா ஒளியில் பார்த்தால் இரண்டு மஞ்சள் கோடு ஒளிரும். இரண்டு கோட்டுக்கும் இடையே உள்ள தூரம்தான் அந்த நாள்களில் எலும்பு வளர்ந்த அளவு. கோடே பிரியாமல் இருந்தால் எலும்பு தூங்குகிறது.

◆ டாக்டரே எழுதிக்கொடுத்திருந்தால் அலென்ட்ரோனேட்டை வெறும் வயிற்றில், ஒரு கிளாஸ் வெறும் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி நேரம் படுக்காமல் இருக்க வேண்டும். தே தாரிக்கோடு போட்டால் மருந்து உடம்பில் சேராது. தொடங்கும் முன் பல் டாக்டரைப் பார்த்து, பிடுங்க வேண்டிய பல்லைப் பிடுங்கிவிடுங்கள்.

ஆறு மாதத்துக்கு ஒரு தடவை போடும் டெனோசுமாப் ஊசி வேறு ரகம். அதைத் தள்ளிப்போட்டாலோ நிறுத்திவிட்டாலோ அடங்கியிருந்த அரிப்பு ஒன்றுக்குப் பத்தாகத் திரும்பி, முதுகெலும்புகள் அடுத்தடுத்து நொறுங்கலாம். ஊருக்குப் போகும் திட்டம் இருந்தால் ஊசித் தேதியைப் பார்த்துவிட்டு டிக்கெட் எடுங்கள்.

◆ நூறு கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம். அதே அளவு பாலில் ஏறக்குறைய 120. பாட்டி காய்ச்சிய கூழுக்கு மரியாதை செய்யுங்கள். பொட்டாசியமும் சர்க்கரையும் கட்டுக்குள் இருந்தால் சரி.

◆ உறுப்பு மாற்று அறுவை செய்துகொண்டவர்களுக்கென்றே உலக விளையாட்டுப் போட்டி இருக்கிறது. 1978-இல் இங்கிலாந்தின் போர்ட்ஸ்மவுத்தில் தொடங்கியது. ஓட்டம், நீச்சல், பூப்பந்து எல்லாம் உண்டு. நாம் பதக்கம் வாங்க வேண்டாம். தாவரவியல் பூங்காவைக் காலையில் சுற்றி வந்தால் போதும். எலும்பு தன் மேல் பாரம் விழுந்தால்தான் உறுதியாகும். நீச்சல் இருதயத்துக்கு நல்லது, ஆனால் தண்ணீர் பாரத்தைத் தாங்கிக்கொள்வதால் எலும்புக்கு நடைதான் மேல்.

◆ சிறுநீரகம் பழுதான பிள்ளைகள் வயதுக்கேற்ற உயரம் வளர்வதில்லை. புதுச் சிறுநீரகம் கிடைத்த பிறகு பலர் எட்டிப் பிடிக்கிறார்கள். சிறு வயதிலேயே கிடைத்தால் வாய்ப்பு அதிகம். ஸ்டீராய்டைக் குறைத்தோ நிறுத்தியோ வளர்ச்சிக்கு வழிவிட முடியுமா என்று குழந்தை மருத்துவர்கள் பார்ப்பார்கள். ஒவ்வொரு தடவையும் உயரத்தைக் குறித்துக்கொள்கிறார்களா என்று பெற்றோர் கவனியுங்கள்.

◆ பெரியவர்களும் உயரத்தை அளக்க வேண்டும். முதுகெலும்பு நசுங்குவதில் பெரும்பகுதி வலியே இல்லாமல் நடக்கிறது; சட்டை தொளதொளப்பதும் முதுகு கூனுவதும்தான் தெரியும். செருப்பைக் கழற்றிவிட்டு, குதிகால் சுவரில் பட நின்று, தலை மேல் ஒரு அட்டையை வைத்துப் பென்சிலால் கோடு போடச் சொல்லுங்கள். ஆறு மாதம் கழித்து அதே இடத்தில் மறுபடி. கோடு இரண்டு சென்டிமீட்டர் இறங்கியிருந்தால் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காமல் முதுகுக்கு எக்ஸ்ரே கேளுங்கள்.